காலைக் குழியில் மூன்று மாத்திரைகள்

வேலையிடத்தில் அவனுக்கு ‘நாலுகுழி’ என்று பேர். வைத்தவர் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் அம்மாள். அவர் யாருக்குப் பேர் வைத்தாலும் அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அறுபத்திரண்டு பேருக்கு மறுநாள் மாத்திரைகளைத் தட்டுகளில் நிரப்புவது அவன் வேலை. ஒவ்வொரு தட்டிலும் நாலு குழி: காலை, மதியம், மாலை, இரவு. சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, குழியில் போட்டு, மூடியை அழுத்த வேண்டும். எந்த மாத்திரை எதற்கு என்று அவன் கேட்டதில்லை. அதற்கெல்லாம் படித்தவர்கள் மேல்தளத்தில் இருந்தார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு குழி மாறியது கிடையாது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். சாவி ஆணியில், கைக்குட்டை இடது பையில், செருப்பு வாசலைப் பார்த்து. “உங்களக் கட்டிக்கிட்டதுக்குப் பேசாம ஒரு பீரோவக் கட்டிக்கிட்டிருக்கலாம். அதாவது சாத்தினா வாய மூடிக்கிட்டு நிக்கும்” என்று அவன் மனைவி சொல்வாள். கல்யாணமான புதிதில் அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் சிரித்துக்கொண்டே தோற்றுப்போக வேண்டியதுதான். அவனும் சந்தோஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான்.

அவள் தையல் ஆலையில் வெட்டு மேசைக்காரி. நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டும். கோடு ஒரு விரல் அளவு பிசகினால் நாற்பது சட்டையும் பாழ். அந்த மேசையில் நிற்க மனசில் சந்தேகமே இருக்கக் கூடாது. அவளுக்கு இல்லை. ஒரு தடவை அளப்பாள், ஒரு கோடு போடுவாள், வெட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆலையில் ‘கத்திரிக்காரி’ என்றால் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. முடி கொட்டியது, நின்ற இடத்தில் தூக்கம் வந்தது, முகம் உப்பியது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டாள், நாலே மாதத்தில் பழையபடி வாயாடினாள். அடுத்த வருஷம் நாள் தள்ளிப்போயிற்று. ரத்தம் குறைவு என்று முதல் மாதமே இரும்பு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருத்துவர் இருந்தது ஓர் அறையில், மாத்திரை கொடுக்கும் ஜன்னல் இருந்தது வேறொரு நடைக்கூடத்தின் கோடியில். காகித உறைமேல் ‘தினம் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. அறைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அன்று மாலையே அவன் கடைக்குப் போய் நீல நிறத்தில் நாலு குழி வைத்த ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். அப்பா ஆகப்போகிறவன் பொம்மை வாங்கி வருவான், தொட்டில் விலை கேட்பான். நம் ஆள் பெட்டி வாங்கி வந்தான். அவனுக்குத் தெரிந்த பிரியம் அதுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள். இரவுக் குழியில் போட்டால் மறந்துபோவாள் என்று அவன் யோசித்தான். அதனால் மூன்று மாத்திரையையும் காலைக் குழியிலேயே போட்டான். தைராய்டு வெள்ளை, இரும்பு சிவப்பு, சுண்ணாம்பு பெரிய உருண்டை. “எழுந்ததும் ஒரே வாய்ல முடிஞ்சிடும். அப்புறம் நாள் பூரா நீ இதப்பத்தி நினைக்கவே வேண்டாம்” என்றான். “பீரோ இப்ப என்னையும் அடுக்கி வைக்குது” என்றாள் அவள். அவனுக்குக் காலை ஐந்தரை மணிக்கு வேலை. பல் விளக்கும் முன்பே பெட்டியை நிரப்பி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் மூடி வைத்துவிட்டு, அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுவான். சாயங்காலம் வந்து பார்த்தால் குழி காலியாக இருக்கும்.

இரண்டாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தைராய்டு அளவு கெட்டிருந்தது. மருத்துவர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். நாலாம் மாதம் இன்னும் மோசம். அதற்கு முந்தின வாரம்தான் ஒத்தாசைக்கு வந்திருந்த அவனுடைய அக்கா, கழுவுதொட்டியின் பின்னால் கூட்டும்போது ஒரு சிவப்பு மாத்திரையைப் பொறுக்கி எடுத்திருந்தாள். அக்காவுக்கு அந்த ஒன்று போதும். “முழுங்கறதுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடணும், இப்படித் தூக்கிப் போடக் கூடாது” என்று ஊரைக் கூட்டாத குறையாகச் சொன்னாள். “அன்னைக்குக் காலைல வாந்தி வந்துச்சு அண்ணி, அதுல விழுந்திருக்கும்” என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மருத்துவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மாத்திரை போடறீங்களா, இல்லையா?”

“தினமும் போடறேன் டாக்டர். ஒருநாள் விடல.”

“போட்டா இப்படி வராதும்மா. எங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? வயித்துல இருக்கறதுக்குத்தான் நஷ்டம்.” அவர் அவன் பக்கம் திரும்பினார். “நீங்க பாக்கறீங்களா?”

அவன் யோசித்துத்தான் சொன்னான். உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னான். “குழி காலியாத்தான் இருக்கு டாக்டர். முழுங்கினாளான்னு நான் பாக்கல.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. கூட வந்தவன் கைகழுவிவிட்டான் என்று நம்ப முடியாமல் ஒரு பார்வை. அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவர் மாத்திரையின் அளவை இன்னும் கூட்டி எழுதினார். மிச்ச மாதங்களும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருந்தது. பிரசவம் முடிந்து இரும்பும் சுண்ணாம்பும் நின்ற பிறகு, தைராய்டு தானாகச் சரியாயிற்று. “இப்ப ஒழுங்கா போடறீங்க போல” என்றார் மருத்துவர்.

பிறந்தது பெண். நடை தாமதம், பேச்சு அதைவிடத் தாமதம். மூன்று வயதில்தான் ‘அம்மா’ வந்தது. ஆனால் கால் வந்த பிறகு நின்றதே இல்லை. அறை நடுவில் கையை விரித்துக்கொண்டு சுற்றும், சுற்றிச் சுற்றி விழும், எழுந்து மறுபடியும் சுற்றும். அவன்தான் ‘பம்பரம்’ என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தான். அப்போது எல்லோருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிடவே அவனுக்குக் கூசியது. வகுப்பில் ஐந்து நிமிஷம் உட்காராது. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கும், பிடுங்கியதை மறந்துவிட்டு ஜன்னலுக்கு ஓடும். நேற்றுப் படித்த எழுத்தை இன்றைக்குக் காட்டினால், புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல் வெட்கப்பட்டுச் சிரிக்கும். “ரொம்ப நல்ல பிள்ளை. ஆனா எங்களால முடியல” என்று ஆசிரியை கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். அந்த அம்மாவுக்கும் நாற்பது பிள்ளைகள், என்னதான் செய்வார்.

குழந்தை வளர்ச்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் மருத்துவர், பொறுமைசாலி, தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளைக் கொடுத்து இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து கேள்வி கேட்டார். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, காய்ச்சல் வந்ததா, தைராய்டு இருந்ததா.

“இருந்துச்சு” என்றாள் கத்திரிக்காரி.

“மாத்திரை ஒழுங்கா எடுத்தீங்களா?”

“நான் ஒழுங்கா போடலைன்னு சொல்றாங்க” என்றாள்.

அவர் அதைக் கேட்டுவிட்டு எழுதினார். அவன் எதிரில் உட்கார்ந்திருந்ததால் தலைகீழாகப் படிக்க முடிந்தது. ‘தாய் தைராய்டு மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை.’ சொன்னவர்கள் யார் என்பது அந்த வரியில் இல்லை.

“அதனாலதானா டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கலாம். வயித்துல முதல் மூணு நாலு மாசம் குழந்தைக்குச் சொந்தமா தைராய்டு சுரக்காது. அம்மாகிட்ட இருந்து போறதுதான் எல்லாம். அது குறைஞ்சா பேச்சு, கவனம், படிப்பு, நடந்துக்கற விதம் எல்லாத்துலயும் தெரியலாம். ஆனா இந்தக் குழந்தைக்கு இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அம்மாவுக்கு எல்லாம் சரியா இருந்தும் இப்படிப் பிறக்குற பிள்ளைங்க இருக்காங்க. நடந்ததப் பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, இனிமே என்ன செய்யலாம்னு பாப்போம்.”

சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவளோ அந்த ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது, அது மாசமாக இருந்தபோது பார்த்த மருத்துவரின் அறையிலேயே தொடங்கிவிட்டது. ஒருத்தர், இரண்டு பேர் என்றால் சண்டை போடலாம். மருத்துவர் சொல்கிறார், அண்ணி சொல்கிறாள், ரத்தம் சொல்கிறது, கட்டின புருஷன் ‘நான் பாக்கல’ என்கிறான். போட்டேனா, போட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று அவளே தன்னைக் கேட்க ஆரம்பித்தாள். அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். பிறகு சமையலறை ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். ‘அடுப்பு மூடினேன். கதவு பூட்டினேன். மாத்திரை போட்டேன்.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி. நோட்டு தீர்ந்தால் புது நோட்டு. ஆலையில் ஒரு தடவை அளந்தவள் மூன்று தடவை அளந்தாள், கோடு போட்டுவிட்டு அழித்தாள், கத்தியை வைத்த கையை எடுத்தாள். மேசையில் வேலை தேங்கியது. ஆறு மாதம் பார்த்துவிட்டு மேலாளர் அவளை நூல் பிசிறு நறுக்கும் பெஞ்சுக்கு அனுப்பினார். கத்திரிக்காரி கையில் இப்போது விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கத்திரிதான். யாரையும் பீரோ என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று.

இதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பாவம் என்று நினைத்தான். தப்பு செய்தவள் வருந்துகிறாள், நாம் சொல்லிக்காட்டாமல் இருப்பதே பெரிய மனசு என்றும் நினைத்தான். ஏழு வருஷம் அந்தப் பெரிய மனசோடு சாப்பிட்டான், தூங்கினான்.

பிள்ளைக்கு ஏழு வயதானபோது கத்திரிக்காரி மறுபடி முழுகாமல் இருந்தாள். வேண்டும் என்று திட்டமிட்டதல்ல, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதே மருத்துவமனை, அதே மருத்துவர், அதே ஜன்னல், அதே காகித உறை. பரண்மேல் இருந்த நீலப் பெட்டியை அவன் இறக்கிக் கழுவித் துடைத்தான். காலைக் குழியில் மூன்று மாத்திரை.

இப்படிப் பத்து நாள் போயிருக்கும். இல்லத்தில் அப்போதுதான் இரவுத் தாதிகளைக் குறைத்திருந்தார்கள். அதுவரை விடியற்காலையில் தாதிகளே அட்டையிலிருந்து நேராகப் பிய்த்துக் கொடுத்துவந்த சில மாத்திரைகள் முதல் தடவையாகக் கீழ்த்தளத்துக்கு வந்தன. தைராய்டு மாத்திரை அதில் ஒன்று. இத்தனை வருஷத்தில் அவன் தட்டில் அது விழுந்ததே இல்லை. சீட்டில் ‘காலை’ என்று இருந்தது, அவன் காலைக் குழியில் இரும்பு மாத்திரையோடு போட்டான். புதிதாகச் சேர்ந்திருந்த மருந்தாளர் பெண், வயது இருபத்தைந்துகூட இருக்காது, மூடியை அழுத்துவதற்கு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, இதையும் இரும்பு மாத்திரையையும் ஒண்ணாப் போடாதீங்க. இது எழுந்ததும் தனியா. அது நாலு மணி நேரமாவது கழிச்சு. சுண்ணாம்பும் அப்படித்தான்.”

“ஒண்ணாப் போட்டா என்னம்மா? எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதான போகுது?”

“அங்கதான் வம்பே. அந்த இரும்பு இதப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. மாத்திரை போட்டும் போடாத மாதிரிதான்.” அவள் சிரித்துக்கொண்டே, “முழுங்கினவங்க மேல குத்தம் இல்ல, அடுக்கினவங்க மேலதான்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். அந்தப் பெண் அதை வேலைக்காகச் சொன்னாள்.

அவன் கையில் தட்டு இருந்தது. அதை வைத்தான். அடுத்த தட்டை எடுத்தான். அதையும் வைத்தான். அன்று மிச்சமிருந்த நாற்பத்தாறு தட்டுகளையும் நிரப்பி மூடினான், ஒரு குழி பிசகவில்லை. கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேருந்து ஏறினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு காரணம் ஏறி உட்கார்ந்தது. மாசமாக இருப்பவளிடம் இப்போது சொன்னால் அதிர்ச்சி ஆகும். மருத்துவரே அடித்துச் சொல்ல முடியாது என்றாரே. போனது போனதுதான், இனிமேல் வருவதைக் காப்பாற்றினால் போதாதா. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெட்டியை மட்டும் சரிசெய்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. கோழைக்குத் தன் கோழைத்தனம் என்றைக்குமே பக்குவம் மாதிரிதான் தெரியும்.

மறுநாள் காலைக் குழியில் வெள்ளை மாத்திரை மட்டும் இருந்தது. சுண்ணாம்பு மதியத்துக்கும் இரும்பு இரவுக்கும் போயின.

“ஏன் மாத்தி வச்சிருக்கீங்க?” என்று சாயங்காலம் கேட்டாள்.

“வயித்து எரிச்சல் வராதுன்னு வேலை செய்யற இடத்துல சொன்னாங்க.”

“ஓ” என்றாள். நோட்டில் மூன்று தனி வரிகளாகப் போட்டுக்கொண்டாள். ராத்திரி மாத்திரைக்கு மறக்காமல் இருக்கப் படுக்கைப் பக்கத்தில் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முழுங்கிவிட்டு அவனுக்கு வாயைத் திறந்துகூடக் காட்டினாள், நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கி. “இந்தத் தடவை நீங்க பாத்துக்கோங்க” என்றாள். அவன் பார்த்தான். பார்க்காமல் என்ன செய்வான்.

ரத்தம் எடுத்தார்கள். சரியாக இருந்தது. அடுத்த மாதமும் சரி, அதற்கடுத்ததும் சரி. அவன் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது நேராக அவள் தலைமேல் இறங்கப்போகிறது என்று அவன் கணக்குப் போடவில்லை. ஆறாம் மாதம் மருத்துவர் காகிதத்தை மேசையில் தட்டி, “பாத்தீங்களா, ஒழுங்கா போட்டா எப்படி இருக்குன்னு. அன்னைக்கே இப்படி இருந்திருந்தா…” என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர், முழுசாகச் சொல்லவில்லை. அக்கா வந்தபோது முழுசாகச் சொன்னாள்: “அப்ப அவ்வளவு சத்தியம் பண்ணினியே. இப்ப மட்டும் எப்படிச் சரியா வருதாம்?”

கத்திரிக்காரி அக்காவை வழியனுப்பிவிட்டு, மடிக்க வேண்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: “அண்ணி சொல்றது சரிதான் போல. அப்ப நான் போடல. போட்டேன்னு நானே நினைச்சுக்கிட்டிருக்கேன். நீங்க சொன்னதுதான் சரி.”

அவன், “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று மென்று விழுங்கினான். அந்த வார்த்தை பெருந்தன்மை மாதிரி காதில் விழுந்தது. அவள் நன்றியோடு தலையாட்டினாள்.

ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதை ஒத்துக்கொண்டதில்லை. சந்தேகப்பட்டாள், எழுதிவைத்தாள், ஆனால் ‘போடவில்லை’ என்று வாயால் சொன்னதில்லை. அந்தக் கடைசிப் பிடியையும் விடவைத்தது அவன் இரவுக் குழிக்கு மாற்றிய அந்தச் சிவப்பு மாத்திரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தான். உள்ளே பம்பரத்தை உட்காரவைத்து அவள் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய வயிறு, கீழே குனிய முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பலகையை நீட்டிப் பிடித்திருந்தாள். பிள்ளை ஓர் எழுத்து எழுதும், எழுந்து ஒரு சுற்று சுற்றும், வந்து உட்காரும். எழுதியது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். நாலாவது தடவை திரும்பியபோது பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, “எனக்கு வரல. எனக்கு மட்டும் வரல” என்று தரையில் படுத்துக்கொண்டது.

கத்திரிக்காரி மெல்ல நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். “உன் மேல தப்பு இல்லடா கண்ணு” என்றாள். “நீ வயித்துல இருந்தப்ப அம்மா மாத்திரைய ஒழுங்கா போடல. அதான் உனக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கு. அம்மாவ மன்னிச்சிடு.”

பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தது. “ஏன் போடல?” என்று கேட்டது.

“தெரியலடா. மறந்துட்டேன் போல.”

“ஏன் மறந்த?”

வாசலில் துணி மூட்டையோடு நின்றவனுக்குப் பதில் தெரியும். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. மூட்டையைக் கட்டில்மேல் போட்டான், மடிக்கவில்லை. பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னான். நின்றுகொண்டே சொன்னான். இரும்பு, சுண்ணாம்பு, வெள்ளை மாத்திரை, காலைக் குழி, மருந்தாளர் பெண் சொன்னது, எல்லாம். “நீ போட்ட. தினமும் போட்ட. நான்தான் சேராத மாதிரி வச்சேன்.”

அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான், கத்துவாள் என்றும். அவள் கட்டில் பக்கத்தில் இருந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், அந்தக் கை யாருடையது என்று அடையாளம் பார்ப்பதுபோல.

“நான் போட்டேன்” என்றாள்.

“போட்ட.”

“தினமும் போட்டேன்.”

“ஆமா.”

அவள் கேட்டாள்: “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம், இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். “நாலு மாசமா” என்றான்.

“நாலு மாசமா” என்று அவளும் சொன்னாள். “வயித்து எரிச்சல்னு சொன்ன அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்.”

“நான் வாயத் தொறந்து காட்டினப்ப?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்தப் பெட்டி தெரியாம செஞ்சது. எனக்குன்னு ஆசையா செஞ்சது. அது எனக்குப் புரியுது” என்றாள். குரல் உயரவே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “இந்த நாலு மாசம் அப்படி இல்லையே.” தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அவன் பிடிக்க வந்தான், வேண்டாம் என்று கையாலேயே சொன்னாள். “பொண்ணு கோப்புல ஒரு வரி இருக்கு. பெரியவளானா அவ அதப் படிப்பா. நீங்க வந்து அத மாத்தணும். உங்க வாயால சொல்லி மாத்தணும்.”

மையத்தில் அவர்களுக்கு அடுத்த வாரம் முறை. மரக்கட்டை மருத்துவர் அவன் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, “இதனாலதான்னு இப்பவும் என்னால சொல்ல முடியாது. அத நீங்க ரெண்டு பேரும் மனசுல வச்சுக்கணும்” என்றார். பிறகு கோப்பில் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

“என்ன எழுதட்டும்?” என்று கத்திரிக்காரியைக் கேட்டார்.

“அவர் சொல்லட்டும்” என்றாள்.

வெளியே நடைக்கூடத்தில் பம்பரம் சுற்றும் சத்தம் கேட்டது, செருப்பு தரையில் தேயும் சத்தம். “தாய் தினமும் மருந்து உட்கொண்டார்” என்றான். பேனா ஓடியது. “தந்தை அதை இரும்பு மாத்திரையோடு சேர்த்து வைத்ததால் உடம்பில் சேரவில்லை.” பேனா ஓடி நின்றது. அவன் நிறுத்தவில்லை. “தெரிஞ்ச பிறகும் நாலு மாசம் சொல்லல. அதையும் எழுதுங்க டாக்டர்.”

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அது வேண்டாம்” என்றாள் கத்திரிக்காரி. “பொண்ணு கோப்புல அது எதுக்கு. அது எங்கிட்ட இருக்கட்டும்.”

மருத்துவர் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கோப்பை மூடினார். அவள் எழுந்தாள். நடைக்கூடத்தில் பிள்ளை சுற்றி விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு மேலே விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, இருவருமாகப் படி இறங்கினார்கள். அவன் தண்ணீர்ப் புட்டியும் குடையும் இருந்த பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். பேருந்து நிறுத்தம் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.